மார்சியா திருத்திய காட்சி

1995 பெப்ரவரி 4, சனி

கடும் குளிர். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்கார் பிந்தியதால் நாடக ஒத்திகைக்கு இரண்டரைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். தைக்க வேண்டியவை: ஈவோனுக்கு வேலைக்காரிச் சீருடை, எபூவாவின் கானாத் துணியில் ஒரு மேலாடை, டொரத்திக்குத் தொப்பி.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில், லோன்றியில், என்னோடு விரிப்பு மடிக்கும் ஈவோன்தான் என்னை இதற்குள் இழுத்தவள். மூன்று கறுப்பினப் பெண்கள் சேர்ந்து செய்யும் நாடகம். ஈவோன் ஜமேக்கா. எபூவா கானா, மேளமும் நெறியாள்கையும் அவள். பாட்டு டொரத்தி. இந்த நாட்டிலேயே பிறந்த நோவா ஸ்கோஷியாக்காரி. எந்த நாடு என்று யாராவது கேட்டால் கோபம் வரும். "எங்கட ஆக்கள் இருநூறு வருசமா இஞ்சைதான்!" (கதைப்பது இங்கிலிஷ்தான். எழுதும்போது எனக்கு எங்கள் தமிழாக வந்துவிடுகிறது.)

கதை: பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு, இங்கே வேறு யாருடையவோ பிள்ளைகளைப் பார்க்க வந்த தாய். ஈவோனின் சொந்தக் கதை. ஆறு வயதில் விட்டு வந்த மகள் மார்சியா, எட்டு வருடம் கழித்து, போன மாதம்தான் வந்து சேர்ந்திருக்கிறாள். தாயோடு கதைப்பது குறைவு.

இடைவேளையில் மூன்று பேரும் மூன்று விதமான சோறு. எது உறைப்பு என்று சண்டை. என் இடியப்பத்தை யாரும் போட்டிக்கே எடுக்கவில்லை.

பெப்ரவரி 8, புதன்

சீருடை வெட்டியாயிற்று. வெள்ளைப் பொத்தான் ஆறு வாங்கவேண்டும்.

இவர் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "உவையளோடை உமக்கென்ன நாடகம்? சனம் என்ன கதைக்கும்?"

"வந்து பாத்திட்டுக் கதைக்கச் சொல்லுங்கோ."

சிரிக்கவில்லை. ஆனால் மேசை விளக்கை எனக்குக் கிட்ட இழுத்து வைத்துவிட்டுப் போனார்.

பெப்ரவரி 11, சனி

ஒத்திகைக்கு மார்சியாவும் வந்தாள். வீட்டில் தனியே விட ஈவோனுக்கு மனமில்லையாம். பின்வரிசையில், கோட்டைக் கழற்றாமல்.

பிரியும் காட்சி. ஈவோன் பிள்ளையை எழுப்பிக் கொஞ்சுகிறாள். பிள்ளையாக நடிக்கும் டொரத்தி வாசலில் நின்று கை காட்டுகிறாள்.

"பொய்!" மார்சியாதான்.

மேளம் நின்றது.

"என்னை ஒருத்தரும் எழுப்பேல்லை. விடிய எழும்பிப் பாத்தன், நீங்கள் இல்லை. சந்தைக்குப் போட்டா எண்டு மாமி சொன்னா. பொழுதுபடுமட்டும் கேற்றடியில நிண்டனான்."

ஈவோன் அந்தக் குளிருக்குள் கோட்டும் போடாமல் வெளியே போய்விட்டாள். எபூவா பின்னால் ஓடினாள். டொரத்தி போய் மார்சியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஊசியில் நூலைக் கோத்தேன், கழற்றினேன், கோத்தேன்.

பெப்ரவரி 13, திங்கள்

லோன்றி. விரிப்பின் அந்த முனையில் ஈவோன், இந்த முனையில் நான்.

"எழுப்பியிருந்தா நான் வந்திருக்கமாட்டன்."

மடித்தோம். நாலைந்து விரிப்புக்குப் பிறகு, "அந்தக் காட்சியை வெட்டப்போறன்" என்றாள்.

"அவளைக் கேட்டனியோ?"

அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள்.

பெப்ரவரி 18, சனி

ஈவோன் மார்சியாவைக் கேட்டாள். எல்லாருக்கும் முன்னால்.

"நடந்தமாதிரியே நடிக்கவோ, விடவோ? நீ சொல்லு."

மார்சியா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். "நடியுங்கோ. ஆனா நான் அழுதமாதிரி ஒருத்தரும் நடிக்கக்கூடாது. நான் அழேல்லை."

எபூவா கையை நீட்ட, கைகொடுத்தாள். பிள்ளையாக இனி யாரும் நடிப்பதில்லை. கட்டிலில் போர்வைக்குள் இரண்டு தலையணை.

மேலாடை எபூவாவுக்கு இறுக்கம். பக்கத் தையல் பிரிக்கவேண்டும்.

பெப்ரவரி 25, சனி

நாடகம், பின்னேரம் இரண்டு மணிக்கு. கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. இவரும் வந்தார், சொல்லாமல்.

ஈவோன் பெட்டியைத் தூக்கினாள். வைத்தாள். போர்வையைத் தொடப் போன கை நடுவழியில் நின்றது. "உன்னை எழுப்பினா நான் போகமாட்டன்." எழுத்தில் இல்லாத வரி. எபூவா மேளத்தை அடிக்கவில்லை, தோலை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் அந்தச் சத்தம் மட்டும்.

பக்கத்திலிருந்த மார்சியா என் கையைப் பிடித்தாள். காட்சி முடிந்தும் விடவில்லை. எனக்குத்தான் கண்ணீர், அவள் நேரே பார்த்தபடி.

வரும் வழியில் சப்வேயில் இவர்: "நானும் அம்மாட்டைச் சொல்லாமல்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டனான்." கலியாணம் கட்டி ஏழு வருடம். இன்றுதான் சொல்கிறார். ஸ்ரேஷன் வரும்வரை தோளோடு தோள் சாய்ந்திருந்தோம்.

பெப்ரவரி 26, ஞாயிறு

காலை ஆறு மணி ஷிப்ற். ஈவோன் பிந்தி ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண் சிவந்திருந்தது.

"வெளிக்கிட முதல் மார்சியாவை எழுப்பினனான். வேலைக்குப் போறன், மூண்டு மணிக்கு வந்திடுவன் எண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவள்?"

"'ஞாயிற்றுக்கிழமையில ஏன் எழுப்பிறாய்? லைற்றை நிப்பாட்டு!'"