என் காருக்கு மட்டும் வேண்டாம் என்றாய்

மச்சான்,

போன கிழமை உன் மூத்த மகன் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி. "வாப்பாட அலுமாரிக்குள்ள கிடந்திச்சி மாமா. உங்கட பேர் எழுதியிரிக்கி" என்று தந்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டான். திறந்து பார்த்தேன். கிரீஸ் தாளுக்குள் ஒரு ஜப்பான் பெற்றோல் பம்ப். சுற்றி வந்த வயர்கூட அவிழ்க்கப்படவில்லை. பெட்டியின் மேல் உன் குண்டுக் கையெழுத்தில் என் பெயர் இருந்தது. வேறு ஒரு சொல் இல்லை.

உன்னை அடக்கி நாற்பது நாள் ஆகவில்லை. அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பெட்டியைப் பார்த்ததும் முதலில் வந்தது கோபம். பத்து வருசமாக இந்தப் பம்பை நீ வயல்காரப் போடியாருக்குக் கொடுத்துவிட்டாய் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்? அலுமாரிக்குள் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரித்துக் கதைத்தாய்? யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் உனக்கே எழுதுகிறேன்.

அந்த நாளில் கூட்டாளிகள் நம் ஐந்து பேரிடமும் இருந்தவை வயசான இங்கிலீசுக் கார்கள். ஐந்துக்கும் ஒரே வருத்தம். வெயில் ஏறியபின் எட்டுப் பத்து மைல் ஓடினால், என்ஜினோடு ஒட்டியிருக்கும் பம்ப் சூடாகி, பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். இறங்கிப் பொனட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, அது ஆறும்வரை மர நிழலில் குந்தியிருக்க வேண்டும். என் காரில் துணிக்குப் பஞ்சமில்லை, மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்பவன் நான். "விக்காத சாரமெல்லாம் பம்புக்குத்தான் போகுது" என்று நீ கிண்டல் பண்ணுவாய்.

கரண்ட் பம்ப் யோசனை உன்னுடையதுதான். பழையதைக் கழற்றிவிட்டு, பின்னால் பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்தில் சூடு படாத இடத்தில் புதியதைப் பூட்டினால், பெற்றோலை அது தள்ளிவிடும், கார் நிற்காது என்றாய். சவூதியில் இருந்த உன் மச்சினனுக்கு எழுதி, அவர் லீவில் வரும்போது ஐந்து பம்ப் கொண்டுவரச் செய்தாய்.

மற்றவர்களுக்கு அது ஆசை. எனக்கு அது இல்லாமல் முடியாது. உன் தங்கச்சி, கூடப்பிறக்காமலே நீ அப்படிக் கூப்பிடும் என் மனைவி, அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் வந்த இரண்டு பிள்ளைகளும் எங்களுக்குத் தங்கவில்லை. இந்த முறை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவர வேண்டும், வலி தொடங்கினால் சுணங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மருதமுனையிலிருந்து இருபது மைலுக்கு மேல். வழியில் என் கார் நிற்கக் கூடாது. அல்லாஹ்விடம் நான் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நிந்தவூர்ப் போடியாரின் தென்னந்தோட்டத்தில் கூடினோம். ஐந்து காரும் வரிசையாகப் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றன. ஊரில் பாதி வயல் தன்னுடையது என்ற நினைப்பில் போடியார் கதிரையில் இருந்தபடி எல்லாருக்கும் கட்டளை போட்டார். ஒருவரும் கேட்கவில்லை. நீ பெனியனும் சாரமுமாக ஒவ்வொரு காரின் கீழும் புகுந்து வெளியே வந்தாய். ஒவ்வொரு பம்பும் 'டிக் டிக்' என்று அடிக்கத் தொடங்கும்போது நாங்கள் குனிந்து காதைக் கொடுப்போம். நற்பிட்டிமுனை மாஸ்டர் சந்தோசத்தில் தன் காரை முத்தமிட்டார். அஸர் பாங்கு சொல்வதற்குள் நாலு கார் முடிந்துவிட்டது, உன்னுடையதும் சேர்த்து.

கடைசியாக என் கார். நீ காபரேட்டரை விரலால் தடவி மணந்து பார்த்தாய். முன் சீற்றை எட்டிப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு பொனட்டை மூடிவிட்டாய்.

"உண்ட காருக்கு வேணா."

"ஏன் மச்சான்?"

"வேணா எண்டா வேணா."

தந்திக் கந்தோரில் வேலை செய்து செய்து, சொல்லைச் சிக்கனமாகச் செலவழிப்பது உனக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் அன்றைக்கு நீ கொஞ்சம் செலவழித்திருக்கலாம். நான் எல்லாருக்கும் முன்னால் கத்தினேன். "எண்ட புள்ள றோட்டில பிறக்கட்டும் எண்டா நினைக்காய்?" நீ கையைத் துடைத்தாய். ஐந்தாவது பெட்டியை எடுத்து உன் காருக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாய். போடியாரிடம் இன்னொரு காரும் இருந்தது. பெரிய மனிசனுக்குக் கொடுப்பதற்காக என்னை வெட்டிவிட்டாய் என்று நானே முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு உன் பக்கமே நான் வரவில்லை. கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தேன், பம்ப் கிடைக்கவில்லை.

வலி வந்தது நல்ல வெயில் நேரத்தில். பின் சீற்றில் உன் தங்கச்சியும் மாமியும். பம்பில் ஈரச் சாரத்தைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டேன். கல்லாற்றுப் பாலம் தாண்டும்போது கண்ணாடியில் உன் சாம்பல் நிறக் கார் தெரிந்தது. உனக்கு ஏதோ அலுவல் என்று நினைத்தேன். நான் மெதுவாகப் போனால் நீயும் மெதுவாக வந்தாய். முந்தவும் இல்லை, ஹோன் அடிக்கவும் இல்லை. செட்டிபாளையம் தாண்டியதும் என் கார் இருமியது. நின்றுவிட்டது. பின்னால் உன் தங்கச்சி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கதவுப் பிடியை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

நீ ஜன்னலடிக்கு வந்து குனிந்தாய். "அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சிய எண்ட காருக்கு மாத்து."

நான் பதில் சலாம் சொல்லவில்லை. "கதவத் திற" என்றேன், அவ்வளவுதான்.

உன் கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் மகள் பிறந்தாள். ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். பின்னேரம் வெளியே வந்து பார்த்தால், செட்டிபாளையத்தில் விட்ட என் கார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. பம்பில் துணி புதிதாக நனைத்துச் சுற்றியிருந்தது. பக்கத்தில் உன் காரும் நின்றது, தாயையும் பிள்ளையையும் வழியில் நிற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோக; நீ பஸ் பிடித்து ஊருக்குப் போய்விட்டிருந்தாய்.

மருதமுனை தேத்தண்ணிக் கடைக் காக்கா பிறகுதான் சொன்னார். "அந்தாள் ஒரு கிழமையா லீவு போட்டுட்டு இஞ்சதானே குந்திக்கிட்டு இரிந்த. உங்கட கார் போகுதா எண்டு பாத்துப் பாத்து." ஒரு மணித்தியாலம் செலவழித்து பம்பைப் பூட்ட மனமில்லாத மனிசன், ஒரு கிழமை றோட்டோரம் காத்துக் கிடக்கிறான். இதை நான் எப்படி விளங்கிக்கொள்வது?

அதன்பின் நாம் பழையபடி கதைத்தோம், சிரித்தோம். பம்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது வேற கதை" என்பாய்.

வேறு ஆட்களிடம் கேட்டுப் பார்த்தேன். காபரேட்டருக்குள் ஊசி தேய்ந்திருந்தால் கரண்ட் பம்பின் வேகத்துக்குப் பெற்றோல் வெளியே வழியும் என்றான் ஒரு மெக்கானிக். மாஸ்டரின் கார் அப்படி வழிந்து, பொனட் பெயின்ற் கருகியதும் உண்மை. போடியாரின் கார் இன்றுவரை பிழையில்லாமல் ஓடுவதும் உண்மை. உன் தங்கச்சிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. "உங்கட சிகரெட்டுக்குப் பயந்துதான். பெற்றோல் வழியிற காருக்குள்ள வாயில நெருப்போட இரிக்கிற மனிசனுக்கு ஆர் பம்ப் பூட்டுவாங்க?" என்கிறாள்.

இருக்கலாம். முன் சீற்றில் நீ எட்டிப் பார்த்தது என் சிகரெட் பெட்டியைத்தானோ? அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் சத்தியம் பண்ணிக் கொடுத்திருப்பேன், பின்னால் அவள் கத்தும்போது மூன்று சிகரெட் பற்றவைத்துமிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். உனக்கு அதைவிடத் தெரியும். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். நான் சிகரெட்டை விட்டு மூன்று வருசமாகிறது. அப்போதாவது பெட்டியைத் தந்திருக்கலாமே? கடைசி வருத்தத்தில் நீ படுக்கையில் கிடந்தபோது நாள்தோறும் வந்து உன் காலைப் பிடித்துவிட்டேனே, அலுமாரியைக் கைகாட்டியிருக்கலாமே? மறந்துவிட்டாயா? வெட்கப்பட்டாயா? நான் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு காரணமும் அரைவாசித் தூரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது.

இப்போது மட்டக்களப்பு வீதியில் காரை நிறுத்துவது சூடான பம்ப் இல்லை, துவக்கு ஏந்தியவர்கள். அதனால் நானும் அதிகம் போவதில்லை. மகளுக்கு ஒன்பது முடிகிறது. நீ அவளுக்கு யார் என்று கேட்டாள். 'வாப்பாட கூட்டாளி' என்றேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பமில்லை. செட்டிபாளையத்தில் நீ சொன்ன சலாமுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதன்பின் ஆயிரம் தரம் சலாம் சொல்லிக்கொண்டோம், ஆனால் அந்த ஒன்று அப்படியே நிற்கிறது. பதில் சொல்வது கடமை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் கபுறடியில் நின்று பலமுறை வாயெடுத்தேன். அதையும் சொல்லிவிட்டால், உனக்கும் எனக்கும் இடையில் கதைக்க மிச்சம் ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில், இன்னும் சொல்லாமலே வீட்டுக்குத் திரும்பி வருகிறேன்.