முதல் சிரிப்பு

ஆடி 10, சனி

தில்லைநகர் காமெடி கிளப்பில் இன்று என் ஷோ. முப்பது வருஷமாக என் ஜோக்குகளில் பாதி என் தம்பியைப் பற்றியதுதான். அவனே கடைசி வரிசையில் உட்கார்ந்து, முதல் ஆளாகச் சிரித்துக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவான்.

இன்று முன்வரிசையிலிருந்து ஒருவர், "தம்பி எப்படி இருக்காருங்க?" என்று கத்தினார்.

"செத்துப் போயிட்டான். பதினாறு நாளாச்சு."

உண்மையைத்தான் சொன்னேன். அரங்கமே சிரித்தது.

கூட்டம் சிரிக்கும்போது பேசக் கூடாது, தொழில் பழக்கம். அடங்கும்வரை மைக்கைப் பிடித்தபடி நின்றேன். பிறகு அவனுடைய பழைய ஸ்கூட்டர் கதையைத் தொடங்கிவிட்டேன்.

அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. அவன் தொடங்கி வைக்காமல் தானாகவே சிரிப்பு வந்த என் முதல் ஜோக் இதுதான்.