பௌர்ணமி வாழ்த்தும் என் கெட்ட பெயரும்

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி. காலையிலிருந்தே புழுக்கம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை, எல்லாரும் கிரிவலத்துக்கு. ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் விடுதிவரை நடை. செருப்பு வார் வேறு அறுந்தது.

உட்காரக்கூட இல்லை, முதலாளி ஆரம்பித்துவிட்டார். “ஹெல்காம்மாவுக்கு ஏன் பதில் போடல?”

ஹெல்காம்மா ஜெர்மனிக்காரர். எழுபது வயது. வருஷா வருஷம் இரண்டு மாதம் இங்கேதான். இந்த முறை இடுப்பில் ஆபரேஷன், மாடி ஏற முடியாது. கீழே இருக்கும் ஒரே அறையைக் கேட்டு மூன்று மெயில் எழுதிவிட்டார். மூன்றுக்கும் அன்றன்றே பதில் போட்டேன். அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம். சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் பயணத்தையே விட்டுவிடுவாராம். வாட்ஸ்அப் கிடையாது. போன் அடித்தால் ஜெர்மனில் ஏதோ பதிவுக் குரல்.

அனுப்பியதைத் திறந்து காட்டினேன்.

“அதுல என்ன வேணா காட்டலாம். அனுப்பியிருந்தா போயிருக்கும்ல? மறந்துட்டேன்னு ஒத்துக்கயேன்.”

ஆறு வருஷ வேலை. ஒரு நாள் பொய் சொன்னதில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

என்னைத் திட்டி முடித்த கையோடு பௌர்ணமி வாழ்த்து அனுப்ப உட்கார்ந்தார். மாதாமாதம் இந்தக் கூத்து. மலைக்கு மேல் நிலா, கீழே எட்டு வரி. வரவேற்பில் இருக்கும் கருத்து நோட்டில் இதுவரை எழுதிவைத்த அத்தனை பேருக்கும். தங்கியவர், டீ குடித்தவர், வழி கேட்க வந்தவர், ஒருத்தர் பாக்கியில்லை. கிறுக்கல் கையெழுத்தைக் குத்துமதிப்பாகப் படித்துச் சேர்த்த முகவரிகள். போவது விடுதி முகவரியிலிருந்தே.

அக். 7, செவ்வாய்

திரும்பி வந்த மெயில்கள் மட்டும் நானூற்றுச் சொச்சம். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. மாதாமாதம் இவற்றை அழிப்பது என் வேலை. என்ன ஏது என்று யோசித்ததே இல்லை. அது என் தப்புதான்.

மெயில் சேவை கொடுக்கும் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள்.

“இல்லாத முகவரிக்கு ஜாஸ்தி போகுது மேடம். வாங்கறவங்களும் ஸ்பேம்னு அமுக்கறாங்க. உங்க முகவரியோட பேரே கெட்டுப்போச்சு. இனிமே ஒருத்தருக்குத் தனியா எழுதினாலும் ஸ்பேம்லதான் போய் விழும்.”

“நான் எழுதறது வேற, எங்க சார் அனுப்பறது வேறங்க.”

“மெஷினுக்கு அது தெரியாது மேடம். முகவரி ஒண்ணுதானே.”

ஆட்டம் போடுவது அவர், பேர் கெடுவது எனக்கு!

செய்ய வேண்டியது:
– செத்த முகவரிகளை எடுக்க.
– கேட்டவர்களுக்கு மட்டும் வாழ்த்து. வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி.
– மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் பதிவு. இதுவரை போடவே இல்லை!
– பொறுமை. போன பேர் திரும்ப வாரக்கணக்கில் ஆகுமாம்.
– செருப்பு.

முதலாளியிடம் சொன்னேன்.

“நல்ல நாளும் அதுவுமா அண்ணாமலையார் பேரைச் சொல்லி அனுப்பறோம். எவன்மா அதைக் குப்பைல போடுவான்?”

அக். 9, வியாழன்

மழை. தயிர்சாதம் புளித்துவிட்டது. மத்தியானம்வரை முகவரி அழிப்பு.

கீழ் அறையை ஒரு சென்னைக் குடும்பம் கேட்கிறதாம். “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் பார்ப்பேன். அப்புறம் அந்தம்மா வரலன்னா அதுக்கு நீதான் காரணம்.” வந்தவர்கள் முன்னாலேயே சொன்னார். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

என் சொந்த முகவரியிலிருந்து ஹெல்காம்மாவுக்கு எழுதினேன். அறை உங்களுக்குத்தான், ஏற்கெனவே பதில் போட்டிருக்கிறேன், தயவுசெய்து ஸ்பேமில் பாருங்கள். இடுப்பு எப்படி இருக்கிறது? அனுப்பின பிறகு பயம். இதுவும் அங்கேயே போய் விழுந்தால்?

அக். 10, வெள்ளி

வந்துவிட்டது! எல்லாப் பதிலும் ஸ்பேமில் கிடந்ததாம், ஒரே மூச்சில் படித்தாராம். டிக்கெட் போட்டுவிட்டார்.

கடைசியில் நாலு வரி. நிலாப் படம் போட்டு மாதாமாதம் ஏதோ வந்ததாம். மோசடிக்காரர்கள் என்று நினைத்து ஒவ்வொன்றையும் ஸ்பேம் என்று அமுக்கியது தான்தானாம். அதனால்தான் உன் கடிதங்களும் அங்கே போனதோ, மன்னித்துவிடு என்று கேட்டிருக்கிறார். பாவம், அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

பிரிண்ட் எடுத்து முதலாளி மேஜைமேல் வைத்தேன். “தப்பா சொல்லிட்டேம்மா” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் எனக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? நம்ம வாழ்த்து மாசாமாசம் கரெக்டா போய்ச் சேந்திருக்கு!”