சுறா இல்லாத ஆறாம் பாகம்

ஆனி 9, வெள்ளி

காலையிலிருந்தே அனல். மேல்காற்று. கரையில் வாயைத் திறந்தால் மணல். கட்டுமரத்துக் கயிறு மாற்ற வேண்டும், நாளைக்கு.

இன்று ஆனவை: வெற்றிலை, சுண்ணாம்பு. முடிவெட்டு. (இந்த வயசில் இவ்வளவு அடர்த்தியா என்று வெட்டினவன் கத்திரியைக் கீழே வைத்துவிட்டான்.) சாயங்காலம் கரீம் பாய் டென்ட்டுக் கொட்டாய்.

வெள்ளிக்கு வெள்ளி பாய் தமிழ்ப் படத்துக்கு முன்னால் இங்கிலீஷ் தொடர்படம் ஒரு பாகம் ஓட்டுகிறார். கதாநாயகன் முகமூடித் துரை. இனிமேல் மு.து. என்று எழுதுவேன், கை வலிக்கிறது. முகத்தில் கறுப்புத் துணி, முதுகில் போர்வை. லாரியை ஒற்றைக் கையால் தூக்குவான். துப்பாக்கிக் குண்டு பட்டால் குண்டுக்குத்தான் சேதம். பேச்செல்லாம் இங்கிலீஷ். கொட்டாயில் அது விளங்குகிற ஒரே ஆள் நான். மூன்றாம் வகுப்பு முடித்தவன். ஹார்பரில் கேப்டன்மார்களே என்னிடம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். ஆகவே முன்வரிசை மணலில் உட்கார்ந்து உரக்க அர்த்தம் சொல்வது என் பொறுப்பு.

போன வாரம் ஐந்தாம் பாகத்து முடிவில், மயக்க மருந்து கொடுத்துக் கையைக் கட்டி மு.து.வை மோட்டார் படகில் தள்ளி விட்டான் வழுக்கைத் தலையன். படகு பாறையில் மோதி ஒரே நெருப்பு. அதோடு விளக்கு போட்டுவிட்டார்கள். வாரம் முழுக்கக் குப்பத்தில் இதே பேச்சு. நெருப்பை ஊதியே அணைத்துவிடுவான் என்று நான் சொல்லி வைத்திருந்தேன்.

இன்று காட்டினது என்ன? பாறை வருவதற்கு முன்பே, ஆறு வளைகிற இடத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்துவிடுகிறான். காலிப் படகுதான் மோதுகிறது. போன வாரம் அந்தக் குதிப்பு கிடையாது. மோதுகிறவரை உட்கார்ந்திருந்தான். இந்தக் கண்ணால் பார்த்தேன்.

எழுந்து நின்றேன். "பாய், மிஷினை நிறுத்து. போன வாரம் போட்லதானே இருந்தான்? இப்ப நடுவுல குதிச்சான்ற. யாரை டபாய்க்கிற?"

"கரீட்டு மாமு, வுடாத," என்று பின்னாலிருந்து விசில்.

பாய் மிஷின் ரூம் ஓட்டையில் தலையை நீட்டினார். "படம் எடுத்தவன் நானாய்யா? குந்து, பின்னால மறைக்குது."

"பாதியில குதிச்சிட்டேன்னு சொல்றவன் எவனா இருந்தாலும் திருட்டுப் பய," என்றேன். மூவாயிரம் பேர் கைதட்டினார்கள்.

வேட்டியை யாரோ இழுத்தார்கள். பார்த்தால் கன்னியப்பன். அக்கா மகன், என் மகள் தனத்தின் புருஷன். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம்.

"குந்து மாமா. பாய் பாத்துட்டா பேஜாராப் பூடும். ஆரம்பத்துலயே டிக்கெட் இல்லாம துணிக்கு அடியில பூந்து வந்துகீறேன்."

"நீ வேலுவோட வலை வுடப் போனியேடா?"

"போனேன். நீ போய் பாத்துட்டு வந்து கதை சொல்லு, வலையை நான் பாத்துக்கறேன்னான். குதிச்சு நீந்தி வந்தேன்."

வேலு நாட்டாரின் மகன். நாட்டார் துரைக்கண்ணுதான் குப்பத்துக்குத் தலைவர். வலையும் அவருடையது, புத்தம் புதுசு. என் துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னேன். இருட்டிவிட்டது, மறுபடி நீந்த வேண்டாம், வீட்டுக்குப் போய்ப் படு என்றும் நான்தான் சொன்னேன். விளக்கு போடுமுன் வந்த வழியே போய்விட்டான்.

தமிழ்ப் படம் சுமார்.

ஆனி 10, சனி

காற்று தணிந்தது. கயிறு மாற்றவில்லை.

காலை கரையில் கதை சொன்னேன். சனிக்கிழமை வழக்கம். கொட்டாய்க்குப் போகாதவர்கள் எல்லாம் என்னைச் சுற்றி. போனவர்களும் வந்து உட்காருவார்கள். குறுக்கே பேச மாட்டார்கள், படத்தைவிட நான் சொல்வது நன்றாக இருக்கும் என்பது பொது அபிப்பிராயம். இன்று ஒரு சங்கடம். குதித்தான், நீந்தினான், கரையேறினான். இதைக் கடலில் பிறந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? நம் வீட்டு மாப்பிள்ளையே செய்கிற வேலை. ஆகவே ஒரு சுறாவைப் போட்டேன். கட்டுமரத்தைவிட நீளம். வாயைத் திறந்துகொண்டு வருகிறது. மு.து. அதன் மேல்தாடையில் கையை வைத்து, கீழ்த்தாடையில் காலை வைத்து...

"ஆத்துல சுறா ஏது மாமு?"

"முகத்துவாரம்டா. எண்ணூர்ல பாத்ததில்ல நீ?"

மீன்காரி பூங்காவனம் கூடையை இறக்கி வைத்துவிட்டாள். நாட்டாரே ஓரமாக நின்று கேட்டார். சுறா செத்து மிதக்கிற இடத்துக்கு வந்தேன். அப்போது வேலு கரையேறி வந்தான். வலை இல்லை.

"ஹார்பர் கல்லுல மாட்டி நாரா பூடுச்சு நைனா," என்றான் நாட்டாரிடம். "நான் படுக்கற முறை. கயித்தைக் கன்னியப்பன்தான் புடிச்சிகினு இருந்தான். தூங்கிட்டான்."

"எங்க அவன்?"

"கரைகிட்ட வந்ததும் பயந்து குதிச்சு ஓடிட்டான்."

"பொய்," என்றேன். "அவன் கட்டுமரத்துலயே இல்ல நாட்டாரே. என்கூட கொட்டாய்ல..."

நாட்டார் கையைக் காட்டினார். "பஞ்சாயத்துல பேசு. அது வரைக்கும் அவன் வூட்டைத் தாண்டக் கூடாது. வூட்டு ஆளுங்க தவிர யாரும் அவன்கிட்ட பேசக் கூடாது."

பஞ்சாயத்தில் குற்றம் என்று ஆனால் குப்பத்தில் யாரும் அவனை மரத்தில் ஏற்ற மாட்டார்கள். கடல் இல்லை என்றால் அவனுக்கு வேறு என்ன தெரியும்? தனம் முழுகாமல் இருக்கிறாள். விடப்போவதில்லை.

ஆனி 11, ஞாயிறு

அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. வெயில் சாய்ந்த பிறகு. குப்பமே வந்தது.

வேலு சொன்னதையே சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு. கன்னியப்பன் குதித்து நீந்தியதைச் சொன்னான். இருவரும் மரத்தில் ஏறியதைக் கரையில் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவன் நீந்தி வந்ததை யாரும் பார்க்கவில்லை. கரையிலும் இருட்டு, கொட்டாயிலும் இருட்டு. ராத்திரி வீட்டில்தான் இருந்தார் என்று தனம் சொன்னாள். பொண்டாட்டி சாட்சி செல்லாது.

மிச்சம் நான். கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன். வந்தான். ஈரமாக இருந்தான். துண்டு கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் சொன்னேன்.

கூட்டம் என்னைப் பார்த்தது. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள்.

"எத்திராஜு," என்றார் நாட்டார், "நீ சொன்னா நாலுல ஒரு பங்கு எடுத்துக்கறது இந்தக் குப்பத்து வழக்கம். இதுல ஒரு பங்கு எடுத்தா இன்னா மிஞ்சும்? துண்டுதான் மிஞ்சும்."

சிரித்தார்கள். பூங்காவனம் விடவில்லை: "வெள்ளிக்கிழமை கொட்டாய்ல இன்னா சொன்ன மாமு? பாதியில குதிச்சிட்டேன்னு சொல்றவன் திருட்டுப் பயன்னு நீதானே எழுந்து நின்னு கத்துன? மு.து. குதிச்சா பொய்யி, உன் மாப்ள குதிச்சா நிஜமா?"

அன்று கொட்டாயில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள், தட்டிக்கு அந்தப் புறம். காது மட்டும் இந்தப் புறம்.

துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்குத் தள்ளி வைத்தார்கள். வேறு சாட்சி இருந்தால் கொண்டு வரலாம்.

ஆனி 12, திங்கள்

புழுக்கம். செய்ய வேண்டியவை: 1. கரீம் பாய். 2. கரீம் பாய் சரிப்படாவிட்டால் வேறு ஆள். 3. கயிறு.

பாய் கொட்டாயில் கூடாரத் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். கன்னியப்பன் புகுந்த இடமாகத்தான் இருக்கும். நான் சொல்லவில்லை.

"நான் யாரையும் பாக்கலய்யா," என்றார். "மிஷினைப் பாப்பனா, மணலைப் பாப்பனா? அத்த வுடு. நீ இன்னா ஊர்ல சொல்லி வெச்சிருக்கே? டீக்கடைல குந்த முடியல. சுறா வர்ற பாகத்தை இன்னொரு தபா போடுன்றான் ஒவ்வொருத்தனும். எந்தச் சுறா? கொட்டாய்ல வந்து பாத்தவனே கேக்கறான். எங்கிருந்து காட்டுவேன்?"

சமாதானம் சொன்னேன். பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன்.

மத்தியானம் கஞ்சிக்கு உட்கார்ந்தேன். கன்னியப்பன் கொல்லைப்புறம் பழைய வலை பின்னிக்கொண்டிருந்தான், தலை நிமிராமல். தனம் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நைனா, சுறா உண்டா இல்லியா?"

"எதுக்குக் கேக்கற?"

"வெள்ளிக்கிழமை வூட்டுக்கு வந்ததும் அவரு எனக்குப் படம் சொன்னாரு. அதுல சுறா இல்ல. பக்கத்து வூட்ல சொன்னா சுறா வருது. தண்ணி புடிக்கப் போனா அங்கயும் சுறா. அவரு மட்டும் சுறாவே சொல்லல."

கையில் எடுத்த கஞ்சியை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமையிலிருந்து அவன் வீட்டைத் தாண்டவில்லை. யாரும் அவனிடம் பேசவில்லை. நானும் சுறா பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை, வீட்டில் யார் அதையெல்லாம் கேட்கிறார்கள். குப்பத்தில் யாரிடம் கேட்டாலும் ஆறாம் பாகம் என்றால் நான் சொன்ன பாகம். பாய் ஓட்டின பாகம் அவன் ஒருவனிடம்தான் இருக்கிறது.

தனத்திடம் சொன்னேன்: "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடாதே. சுறான்ற பேச்சே வரக் கூடாது."

ஆனால் இதில் ஒன்று உண்டு. சுறா படத்தில் இல்லை என்றால், சுறா யாருடையது என்று கேட்பார்கள். என் வாயால் சொல்ல வேண்டும். குப்பம் முழுக்க நடுவில். அப்புறம் சனிக்கிழமை எவன் வந்து உட்காருவான்? நான் செய்ததிலேயே நல்ல சுறா அது.

கஞ்சி ஆறிவிட்டது. சொல்லத்தான் போகிறேன். மறுபடி பாயிடம் போய், நாளைக்குப் பஞ்சாயத்துக்கு வந்தே தீர வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். டிக்கெட் இல்லாமல் புகுந்தவனுக்கா சாட்சி என்று கத்தினார். அப்போதுதான் அதையும் சொல்லியிருந்தேன். கடைசியில், "சுறா இல்லேன்னு எல்லாருக்கும் சொல்ல இடம் குடுப்பியா?" என்றார். கொடுப்பேன் என்றேன்.

ஆனி 13, செவ்வாய்

லேசாகத் தூறி நின்றது. மணல் நனைந்திருந்தது, யாரும் உட்காரவில்லை. நின்றபடியே பஞ்சாயத்து.

நான் கேட்டது ஒன்றுதான்: "நாட்டாரே, கன்னியப்பனைக் கதை சொல்லச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை பாகம். பாய் கேட்டுகினு இருக்கட்டும்."

"கேட்டுத் தெரிஞ்சிருப்பான்," என்றான் வேலு.

"சொல்லட்டும்," என்றார் நாட்டார்.

கன்னியப்பனுக்குக் கதை சொல்லவே வராது. எனக்கு மாப்பிள்ளையாகி என்ன பிரயோஜனம்? ஒரு போட்டு வந்துச்சு, ஒரு வளைவு வந்துச்சு, குதிச்சான், என்று வாய்ப்பாடு மாதிரி சொன்னான். கரையில் விளக்குக் கூண்டு, அதான் லைட் ஹவுஸ். அதிலிருந்து ஒரு பெண் கயிறு போட்டாள். வழுக்கைத் தலையன் போனில் பேசும்போது ஃபிலிம் அறுந்தது, பாய் ஒட்டி மறுபடி ஓட்டினார். மு.து. கூண்டின் கதவை உதைக்கிற இடத்தில் விட்டார்கள்.

பாய் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

நாட்டார் கொஞ்சம் யோசித்தார். "சுறாவை வுட்டுட்டியேடா."

"இன்னா சுறா நாட்டாரே?"

பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருக்கினார்கள்.

"வாயைத் தொறந்துகினு வந்துதே," என்று ஒருவன், கொட்டாயில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனே. "நான் பாத்தேன்."

"என் கொட்டாய்ல சுறா வரல," என்றார் பாய். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து நிதானமாகச் சொன்னார். "அஞ்சாவதுலயும் இல்ல. ஆறாவதுலயும் இல்ல. பொட்டியைத் தொறந்து காட்டறேன், வா."

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "எத்திராஜு?"

"நான் போட்டது," என்றேன். "சனிக்கிழமை, கரையில. மொத்தமும் நான் போட்டது."

பூங்காவனம், "அடப்பாவி, நான் அத்த நெனச்சு மூணு நாளா கடல்ல கால் வெக்கல," என்றாள். அப்போது சிரிக்க ஆரம்பித்தார்கள். என்னைப் பார்த்துத்தான். நின்றேன்.

நாட்டார் சிரிக்கவில்லை. "இவன்கிட்ட கேட்டவனுக்கெல்லாம் சுறா கீது. எனக்கே கீது. கன்னியப்பனுக்கு இல்ல. அப்ப அவன் கண்ணாலதான் பாத்துகீறான்." பிறகு மகனைப் பார்த்தார். "மரத்துல எத்தினி பேருடா?"

வேலு காலால் மணலைத் தள்ளினான். "நான் மட்டும்தான் நைனா. தூங்கிட்டேன். உனக்குப் பயந்துகினு சொன்னேன்."

தீர்ப்பு: வலை போனது வேலு பொறுப்பு. மரத்தை விட்டு வந்தது கன்னியப்பன் தப்பு. ரெண்டு பேரும் சேர்ந்து புது வலை பின்ன வேண்டும், ஒரே மரத்தில் தொழிலுக்குப் போக வேண்டும். கொட்டாய்த் துணியைத் தைத்துக் கொடுக்க வேண்டும், இது பாய் கேட்டது.

எனக்குத் தீர்ப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து தனம் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். செம்பை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனி 14, புதன்

கயிறு மாற்றியாகிவிட்டது. கன்னியப்பன் மாற்றினான்.

பீடி வாங்க டோல்கேட் போனேன். உங்க குப்பத்துல என்னமோ பஞ்சாயத்தாமே என்று ஒருவன். எர்ணாவூரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள், நான் எழுந்து பேசினதும் நாட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்றேன். நன்றாகக் கேட்டான்.

காலையில் நடந்ததை எழுத வேண்டும். வெளிச்சம் வருமுன் வேலு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. கன்னியப்பன் துடுப்பை எடுத்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இன்னொரு தபா எவனாவது நடுவுல குதிச்சீங்க," என்றாள் தனம், "வூட்டுப் பக்கம் நீந்தி வராதீங்க."

வேலு சிரித்துவிட்டான். அப்புறம் கன்னியப்பன்.

நானும் கூடப் போய் மரத்தைத் தள்ளினேன். முதல் அலை பனைமர உயரம். இல்லை. இடுப்பளவு. அதைத் தாண்டினார்கள். வேலு முன்னால், கன்னியப்பன் பின்னால். ஹார்பர் சுவர் மறைக்கிறவரை நின்று பார்த்தேன். இரண்டு பேர்.