பாட்டின் நடுவே ஒரு பெண் குரல்

மார்ச் 3, வெள்ளி

மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. உலகத்துச் சுயாதீன இசைக்குழுக்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை காலையில்தான் பாட்டு வெளியிட வேண்டும் என்று யார் சாபம் கொடுத்தார்களோ. அதையெல்லாம் கேட்டுப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்கு விமர்சனம் எழுத வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த சாபம்.

கேட்டதில் பாதி மழைச் சத்தத்தில் தொடங்குகிறது. ஒன்றில் இடியும் உண்டு. பாடுகிறவன் பல்வலிக்காரன் மாதிரி வாயைத் திறக்காமல் முனகுகிறான். கூடவே ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறான்: 'இது பாடல் அல்ல, ஒரு பயணம்.' பயணம் என்றால் எங்காவது போய்ச் சேர வேண்டாமா? இவன் புறப்பட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். "கிட்டார் நன்றாக இருந்தது. அதைச் செய்த தச்சருக்கு என் பாராட்டு" என்று எழுதி முடித்தேன்.

அறையில் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. எலக்ட்ரீஷியன் இன்றும் வரவில்லை.

அம்மா கதவருகில் வந்து நின்றாள். "உன் தம்பி உனக்கு ஏதாவது போன் பண்ணானா?" இல்லை. தினமும் இதே கேள்வி, தினமும் இதே பதில்.

மார்ச் 5, ஞாயிறு

பண்ண மாட்டான். ரோஷம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், ஒரு நாள் ராஜினாமா செய்துவிட்டு வேறு ஊரில் அறை எடுத்துக்கொண்டு பாட்டு செய்யப் போனான். முதல் பாட்டை எனக்குத்தான் அனுப்பினான். நான் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னேன். கொஞ்சம் நீளமாகத்தான். என்ன சொன்னேன் என்று வரிக்கு வரி ஞாபகம் இல்லை, எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பேன். ஊரான் பிள்ளைக்கு உண்மை, கூடப் பிறந்தவனுக்குப் பொய்யா?

அதோடு பேச்சு நின்றது. ஏழு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு மட்டும் எப்போதாவது 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வரி வருகிறது. நன்றாக இருப்பவன் அதை மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறான்?

மார்ச் 7, செவ்வாய்

அலுவலகம் போனேன். ஆசிரியர் டீ வாங்கிக் கொடுத்தார் என்றாலே விஷயம் இருக்கிறது.

"கொஞ்சம் பாராட்டியும் எழுதலாமே? படிக்கிறவங்க பாட்டக் கேக்கறதே இல்லீங்க. நீங்க திட்டறதப் படிச்சுச் சிரிச்சிட்டுப் போயிடறாங்க."

"நல்லதா ஒண்ணு வந்தா எழுதறேன்."

"வராதுன்னு முடிவு பண்ணிட்டுதான கேக்க உக்காரறீங்க?"

அப்படியா? இல்லை. நான் ஒவ்வொரு வெள்ளியும் ஆசையோடுதான் ஹெட்போனை மாட்டுகிறேன். அவர்கள்தான் அதைக் கெடுக்கிறார்கள்.

மார்ச் 10, வெள்ளி

அரைத்த மாவு. அதையும் சரியாக அரைக்கவில்லை.

மார்ச் 17, வெள்ளி

ஒரு பாட்டு வந்திருக்கிறது.

குழுவின் பெயர் ஈரத்துணி. பெயரைப் பார்த்ததும் பிழிந்து கொடியில் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படம் இல்லை, குறிப்பு இல்லை, பயணம் இல்லை. மழை இல்லை! எடுத்ததும் டிரம்ஸ். ஒரு பெண் வாயைத் திறந்து பாடுகிறாள், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுகிறது. வரிக்கு வரி மூச்சு விட இடம் வைத்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்கிறார்கள்?

பாதியில் வாத்தியம் எல்லாம் நிற்கிறது. வேறொரு பெண் பேசுகிறாள், கொஞ்சம் வயதானவள். துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். "இல்ல. திரும்பவும் சொல்றேன், இல்ல." "மூச்சு விடு, எதுக்கு இவ்ளோ அவசரம்?" "இத யாரு கேப்பா, சொல்லு?" கடைசியில், "அவ்ளோதான்." ஆனால் அவ்வளவுதான் என்று சொன்னவள் பதிவை நிறுத்தவில்லை. ஒரு பெருமூச்சு, பிறகு வெறும் மௌனம், பின்னால் ஏதோ ஒரு மின்விசிறி. அந்த மௌனத்தின் மேல் கிட்டார் மெல்ல வந்து உட்காருகிறது.

மறுபடி கேட்டேன். மறுபடியும். சாப்பாடு ஆறிப்போனது.

மார்ச் 19, ஞாயிறு

அச்சில் வந்துவிட்டது. ஊரே ஆச்சரியப்படும், நான் பாராட்டியிருக்கிறேன். பிடித்த பத்தியை இங்கேயும் எழுதிவைக்கிறேன்:

"நடுவில் பேசும் பெண்மணி யாரென்று தெரியவில்லை. நடிகை இல்லை, நடிப்பில் இப்படி ஒரு கசப்பு வராது. முதலில் கேட்கும்போது திட்டுகிறாள் என்று தோன்றும். இன்னொரு முறை கேளுங்கள். அவள் பயப்படுகிறாள். எதிரில் இருப்பவன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அவன் நடுத்தெருவில் நின்றுவிடுவானோ என்று பதறுகிறாள், அதைச் சொல்லத் தெரியாமல் பாட்டில் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் நான் கேட்ட சிறந்த குரல் இதுதான். அந்த மின்விசிறிக்கு மட்டும் யாராவது எண்ணெய் போடுங்கள்."

மார்ச் 20, திங்கள்

அந்தப் பெண்மணி யார் என்று குழுவுக்கு மெயில் போட்டிருந்தேன். பாடுகிற பெண் பதில் எழுதியிருக்கிறாள். "கிட்டார் வாசிக்கறவர்தான் அந்தக் குரலக் கொண்டுவந்தாரு. நீங்க எழுதினத மூணு தடவ படிச்சாரு. எழுந்து வெளிய போயிட்டாரு. அவங்ககிட்ட அனுமதி கேக்கல மேடம், அதான் பேர் போடல."

அழகுதான். யாரோ ஒரு அப்பாவியின் குரலைத் திருடிப் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு இது தெரியுமோ என்னவோ, பாவம்.

மார்ச் 22, புதன்

நடந்ததை உடனே எழுதிவிடுகிறேன்.

துணி மடித்துக்கொண்டே அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்.

"யாரப் புடிச்சுத் திட்டிக்கிட்டிருக்க?"

"நான் எங்கம்மா பேசறேன்? பாட்டும்மா இது."

கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். "நீதானடி பேசற."

"என் குரல் எனக்குத் தெரியாதா?"

"உனக்கு எப்படித் தெரியும்? கேக்கறது நாங்கதான?"

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். மேலே மின்விசிறி கடகடக்கிறது. ஸ்பீக்கரிலும் அதே கடகட, அதே இடத்தில் தடுக்கித் தடுக்கி. போனை எடுத்துத் தம்பிக்கு அனுப்பிய அந்தப் பழைய வாய்ஸ் மெசேஜைத் தேடிப் போட்டேன். "இல்ல. திரும்பவும் சொல்றேன், இல்ல…"

திருட்டுப் பய. கேக்காம கொள்ளாம என் வாயை எடுத்துப் பாட்டுல போட்டிருக்கான். நான் என்னடான்னா அதை உக்காந்து ரசிச்சு, ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிச்சு— ஐயோ, 'உயிரையே வைத்திருக்கிறாள்'னு வேற எழுதிட்டேனே. அவன் மூணு தடவ படிச்சானாம்.

அம்மா கேட்டாள், "அப்ப அந்தப் பாட்டு அவனோடதா? நல்லா இருக்காடி?"

"நல்லா இருக்கும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தைக் கூட நான் நறுக்கவில்லை.

மார்ச் 23, வியாழன்

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டது அச்சிலும் ஏறிவிட்டது.

மெசேஜை முழுதாகக் கேட்டேன். நீ பாடாதே, பாடத் தெரிந்தவர்களைப் பாட வை. மழையைத் தூக்கு. மூச்சு விட இடம் வை. சொன்ன ஒவ்வொன்றையும் செய்திருக்கிறான். ரோஷக்காரன் பேசாமல் இருந்தானே தவிர, காதில் போட்டுக்கொள்ளாமல் இல்லை.

மார்ச் 24, வெள்ளி

ஆசிரியரிடம் போனில் உண்மையைச் சொன்னேன்.

"வருஷம் முழுக்க எல்லாரையும் கிழிச்சிட்டு, ஒரே ஒரு பாராட்டு சொந்தத் தம்பிக்கா? அதுலயும் உங்க குரலுக்கே? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுன்னு கைகொட்டிச் சிரிப்பாங்க. வெப்சைட்டுல இருந்தாவது எடுத்துடட்டுமா?"

அவர் சொல்வது நியாயம். என்னிடம் இருப்பது அந்த ஒரு பெயர்தான், யாருக்கும் வளையாதவள் என்று. எடுத்துவிட்டால் பெயர் தப்பிக்கும். ஆனால் பாராட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன் என்று அவனுக்குத் தெரியும்.

"எடுக்காதீங்க. கீழ ஒரு குறிப்பு போடறேன்" என்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

குறிப்பு வந்துவிட்டது:

"சென்ற வாரம் நான் பாராட்டிய ஈரத்துணி குழுவில் கிட்டார் வாசிப்பவர் என் தம்பி. நடுவில் கேட்பது என் குரல். எழுதும்போது இரண்டும் எனக்குத் தெரியாது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பாட்டைப் பற்றி எழுதியதில் மாற்றம் இல்லை. அந்தப் பெண்மணியைப் பற்றி எழுதியதிலும் மாற்றம் இல்லை."

கீழே வாசகர்கள் வறுத்தெடுக்கிறார்கள். 'தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளும் முதல் விமர்சகி' என்கிறார் ஒருவர். நன்றாகத்தான் எழுதுகிறார், என் வேலையைக் கேட்பாரோ என்னவோ.

தம்பியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மார்ச் 28, செவ்வாய்

இல்லை.

மார்ச் 31, வெள்ளி

வழக்கமான குப்பைக்கு நடுவே போனில் ஒரு பாட்டு வந்தது. தம்பி. 'புதுசு. இன்னும் யாருக்கும் அனுப்பல.' அவ்வளவுதான் எழுதியிருந்தான், அக்கா என்று கூட இல்லை.

போட்டேன். மழைச் சத்தத்தில் தொடங்குகிறது. கொழுப்பு! வேண்டுமென்றே செய்திருக்கிறான்.

மழையை விட்டாலும் பாட்டில் ஆயிரம் ஓட்டை. இரண்டாவது சரணம் எதற்கு என்றே தெரியவில்லை. பேஸ் கிட்டார் எங்கோ அடுத்த வீட்டில் வாசிக்கிற மாதிரி கேட்கிறது. சும்மா விடுவேனா? கதவைச் சாத்தினேன். அம்மாவிடம் குக்கர் வைக்க வேண்டாம் என்றேன். மின்விசிறியை நிறுத்தினேன், குரல் இந்தத் தடவையாவது சுத்தமாக விழட்டும்.

வேர்த்துக் கொட்டக் கொட்ட, ஒன்று விடாமல் வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.