பயப்படாதீங்க, வாங்க

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அது மணி அடித்தால் எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் மனசு கேட்காது. எல்லாம் உன்னால்தான். செத்துப்போன பிறகும் ஒருத்தி தன் சிநேகிதியை இப்படியா பாடாய்ப் படுத்துவாள்?

போன வருடம் நம் பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தானியங்கி அழைப்பு வந்தது. பரீட்சை முடிந்ததும் மார்க் குறைந்த பிள்ளைகளின் வீட்டுக்கு அதுவாகவே போன் போகும். எழுத்தில் அனுப்பினால் பாதிப் பேருக்குப் படிக்க வராது என்பதால் குரலில். அலுவலகத்தில் தந்த வாசகத்தைப் படித்ததும் நீ சிரித்தாய். "இதென்னடி, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து கூப்புடற மாதிரி இருக்குது? நானா இருந்தா மலையெறங்கி ஓடிருவேன்." அதை அடித்துவிட்டு நீயே பேசிப் பதிந்தாய். "உங்க கண்ணுக்கு மார்க்கு கொஞ்சம் கொறஞ்சிருக்குதுங்க. பயப்படாதீங்க. வாங்க, பேசிக்கலாம்." மெஷின் பெயர்களைக் கடித்துத் துப்புகிறது என்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உன் வாயாலேயே சொன்னாய். சோதித்துப் பார்க்க என் பெயரையும் நம்பரையும் சேர்த்து, என்னையும் ஒரு மக்குப் பிள்ளையாக்கிக் கேலி செய்தாய். தொண்டை கட்டிப்போன உனக்கு மிளகு தட்டி ரசம் வைத்துக் கொடுத்தேன்.

ஆடிக் காற்றோடு வந்த காய்ச்சலில் உன்னை மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை. காலாண்டுப் பரீட்சை முடிந்தது, மார்க்கைக் கணினியில் ஏற்றினார்கள். மெஷின் தன் வேலையைச் செய்தது. குரலை மாற்ற வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெற்றோர் யாரும் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கு வராமல் நின்றார்கள். பத்தாம் வகுப்புச் செல்வியும் நின்றுவிட்டாள். ஒவ்வொரு கணக்குக்கும் உன்னோடு மல்லுக்கு நிற்பாளே, அவள்தான்.

எடப்புளி நாடு என்கிற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தேன். பனியில் பாதை தெரியவில்லை. அவள் அம்மா மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை.

"அந்த டீச்சர்தான் போயிட்டாங்களே. அப்பறம் எப்படிங்க எம்புள்ள பேரச் சொல்லிக் கூப்புடறாங்க?"

முன்பே பதிந்து வைத்த குரல் என்று விளக்கினேன்.

"அது தெரியுதுங்க. பாட்டுங்கூட பதிஞ்சதுதானுங்க. பாட்டு எம்புள்ள பேரச் சொல்லுதுங்களா? பயப்படாதீங்க, வாங்கங்கறாங்க. எங்கீங்க வாரது?"

மகளை மலையை விட்டே அனுப்பிவிடப் போவதாகச் சொன்னாள். வியாழக்கிழமை நூல் மில் வேன் வருகிறதாம். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிடலாம் என்று புரோக்கர் சொல்லியிருக்கிறான். கதவுக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தாள். அவள் பை கட்டியாகிவிட்டது.

வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். பள்ளியில் சொல்லி அழைப்பை நிறுத்தச் சொன்னேன். அதைப் பார்க்கிற ஆள் லீவில் இருந்தான். நேரில் வராத பெற்றோருக்கு மறுபடியும் போன் போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை மாலை என் போன் அடித்தது. பள்ளிக்கூட நம்பர்.

"உங்க கண்ணு மீனாட்சிக்கு மார்க்கு கொஞ்சம் கொறஞ்சிருக்குதுங்க. பயப்படாதீங்க. வாங்க, பேசிக்கலாம்."

சோதனைக்குச் சேர்த்த என் நம்பரை நீ நீக்கவே இல்லை; முதல் சுற்று வந்தபோது வகுப்பில் இருந்திருப்பேன், கவனிக்கவில்லை. நான் அறிவியல் டீச்சர். குரலை எப்படிப் பதிகிறார்கள் என்று பாடம் நடத்துகிறவள். ஆனாலும் "வாரேன்" என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அப்படி இருந்தது அந்தக் கூப்பிடுதல். இதே நேரம் செல்வியின் வீட்டிலும் போன் அடித்திருக்கும் என்பது உறைத்தது.

காலையில் முதல் பஸ்ஸில் போனேன். ரோட்டில் வேன் நின்றது. செல்வியின் பை அதற்குள் ஏறிவிட்டது.

"எனக்கும் வந்துச்சுங்க" என்றேன்.

அவள் அம்மா என் முகத்தையே பார்த்தாள். "நீங்க என்னங்க சொன்னீங்க?"

"வர முடியாதுன்னு சொல்லிட்டனுங்க. எனக்கு இங்க புள்ளைங்க இருக்குதுன்னு சொன்னேன்."

பொய்தான். ஆனால் அவள் மகள் பக்கம் திரும்பினாள். "கேட்டியா கண்ணு? போன் வந்தா நீயும் அப்படியே சொல்லோணும்." வேனுக்குள் கைவிட்டுப் பையை இழுத்து இறக்கினாள்.

இன்று செல்வி வகுப்புக்கு வந்தாள். நீ பாதியில் விட்ட முக்கோணவியலை நான்தான் தடுமாறித் தடுமாறி நடத்துகிறேன். பிள்ளைகளின் பெயர்களை என் குரலில் பதிந்தாகிவிட்டது. உன் குரலை அழித்துவிட்டார்களாம். என் பெயரைச் சொன்ன பதிவை மட்டும் அழிக்கலாமென்றால் எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்கிறான் அந்த ஆள்.

அரையாண்டு வருகிறது. நீ கூப்பிட்டால் எடுப்பேன். உன் குரலைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் வரமாட்டேன்டி. செல்வி பத்தாவது எழுதணும்.