எதிர்க்கதவுக்காரர்

பெப்ரவரி 6, திங்கள்

மைனஸ் பதினெட்டு. ஜன்னலின் உள்பக்கமும் உறைந்து கிடக்கிறது. வாங்க வேண்டியது: பால், வெங்காயம், மகள் துளசிக்குக் கையுறை (இந்த வின்ரருக்கு மூன்றாவது சோடி).

பின்னேரம் கதவில் தட்டல். இரண்டு ஹைஸ்கூல் பெட்டைகள். தமிழ்ப்பிள்ளை நிரோஷா, ஸ்பானிஷ்காரி பாவோலா. பள்ளிக்கூடச் சேவைத் திட்டமாம். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி ஸ்பானிஷ் பேசுகிற ஒரு வீட்டையும் பேசாத ஒரு வீட்டையும் சோடி சேர்ப்பார்களாம், ஒருவருக்கொருவர் உதவி செய்ய வேண்டுமாம். உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குத் தினமும் சண்டை பிடிக்கிற சனத்தை!

"ஆர் பிள்ளை உங்களை அனுப்பினது?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி. ஸ்கூல் புரொஜெக்ட்."

இமிக்ரேஷன் அனுப்பினாலும் இப்படித்தான் சொல்வார்கள். என்ன உதவி வேணும் என்று கேட்டாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். வருகிற திங்கள் பிஸ்கட் ஃபக்டரியில் எனக்கு வேலை தொடங்குகிறது. இவர் மிசிசாகாவில் இரவு வேலை முடித்து வர நேரமாகும். துளசியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோக ஆளில்லை. ஆள் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. எவ்வளவு அலைந்து கிடைத்த வேலை.

பெப். 7, செவ்வாய்

எங்கள் சோடி எதிர்க்கதவு. எர்னஸ்டோ, எல் சல்வடோர்க்காரர். ஐம்பது தாண்டிய ஆள். பேத்தியை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் கூட்டிப் போகிறார், துளசியையும் கூட்டிப் போவாராம். நாளையிலிருந்தே பழகட்டும் என்கிறாள் நிரோஷா. அவருக்குப் பேத்தியின் தலை பின்னத் தெரியாதாம். அது என் பங்கு.

எல்லாம் சரி. அந்தச் சப்பாத்துதான்! ரோட்டெல்லாம் உப்பும் சேறுமாகக் கிடக்கிற மாசத்தில் அப்படிப் பளபளக்கிறது. கூனாத முதுகு. லொபியில் நின்றால் சுவரில் முதுகு, வாசலில் கண்.

இவரிடம் சொன்னேன். "உந்த மனிசன் ஆமியில இருந்தவன் போல கிடக்கு."

"உமக்கென்ன விசரே? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

இவருக்கென்ன. ஊரில் தம்பியை ஆமி கொண்டுபோன அன்று கட்டிலுக்குக் கீழே கிடந்து சிப்பாய்களின் சப்பாத்துகளைப் பார்த்தது நான்தானே.

பெப். 8, புதன்

பேத்திக்குத் தலை பின்னினேன். நல்ல அடர்த்தியான முடி. ஊரில் தாத்தா என்ன வேலை என்று மெல்லக் கேட்டேன். சோளம் போட்டவராம். இங்கே வந்திறங்கினதும் எல்லாரும் தோட்டக்காரர்தான்.

அவர் பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பின்னாலேயே போனேன், நாலைந்து வீடு தள்ளி. முக்குக்கு முக்கு உள்ளங்கையைத் தூக்குகிறார், பிள்ளைகள் நிற்கிறார்கள். சின்ன விசில், நடக்கிறார்கள். இது எங்கே பழகின பழக்கம்?

துளசிக்கோ ஒரே புளுகம், துள்ளிக் குதிக்கிறாள். "அம்மா, அவர் எங்களை மார்ச் பண்ண வைக்கிறவர். இட்ஸ் ஸோ ஃபன்!"

மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

பெப். 9, வியாழன்

இன்றும் பின்னால் போனேன். வந்து நிரோஷாவுக்கு ஃபோன். அவர் ஆமியோ என்று பாவோலாவைக் கொண்டு கேட்கச் சொன்னேன்.

"உப்பிடிக் கேக்கேலாது அன்ரி. தட்ஸ் ரூட்."

ரூட்டாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதை. நாளை ஒருநாள் பார்ப்பது. இன்னும் ஒன்று கண்ணில் பட்டால் ஃபக்டரிக்கு ஃபோன் பண்ணி, வரவில்லை என்று சொல்லிவிடுவேன்.

பெப். 10, வெள்ளி

மூன்றாம் நாளும் பின்னால் போனேன்.

பள்ளிக்கூட மைதானத்து ஓரம். திடீரென்று ஒரு ஹெலிகொப்டர், நல்ல தாழ. ஹொஸ்பிற்றல் பக்கம் போயிருக்கும். யோசிக்க முதலே விழுந்துவிட்டேன். வேலியோரப் பனிக்குவியலுக்குள் முகம், காதில் கை.

தலையைத் தூக்கினால், அங்கே அவரும் நிலத்தில். இரண்டு பிள்ளைகளும் அவருக்குக் கீழே, தலைகளுக்கு மேல் அவருடைய கைகள். துளசி சிரிக்கிறாள், விளையாட்டு என்று. நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி விறைத்துப்போய்ப் பார்க்கிறாள்.

எங்கள் ஊரில் ஹெலிகொப்டர் ஆமியுடையது. ஆமிக்காரன் அண்ணாந்து பார்த்துக் கை காட்டுவான். விழுந்து படுக்கிறவன் கீழே நின்றவன். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழும்பிப் பிள்ளைகளின் பனியைத் தட்டினார். பிறகு என்னைக் கண்டார். முழங்காலில் நான், முகமெல்லாம் பனி. எனக்கு அங்கே என்ன வேலை? அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

வெட்கம். சரியான வெட்கம்.

படுத்த பிறகு: சரி, ஆமி இல்லை. அப்போ ஆயுதம் தூக்கின இயக்கமோ? இந்த மனம் ஒருநாளும் திருந்தாது.

பெப். 11, சனி

கீழே ஹோலில் மாணவர்களின் விருந்து. எங்கள் பக்கம் கட்லட், ரோல்ஸ். அவர்கள் பக்கம் பீன்ஸ் வைத்த சோளரொட்டி (நல்லாயிருந்தது, உறைப்புத்தான் காணாது). எங்கள் சனம் ஒரு சுவரோடு, அவர்கள் சனம் மற்றச் சுவரோடு.

அவர் நேரே என்னிடம் வந்தார். அவர் ஸ்பானிஷில் பாவோலாவுக்கு, அவள் இங்கிலிஷில் நிரோஷாவுக்கு, அவள் தமிழில் எனக்கு.

"அன்ரி, ஆரோ பின்னால வாறது முதல் நாளே அவருக்குத் தெரியுமாம். ஆர் எண்டு தெரியாம நித்திரையே இல்லையாம். அதுதான் பிள்ளையளை விடாமப் பக்கத்தில வச்சு நடத்தினவராம். நேற்றுத்தான் நீங்கள் எண்டு கண்டவராம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரைப் பிடிக்க யாரோ வருகிறார்கள் என்று அந்த மனிதன் பயந்திருக்கிறார். அந்த யாரோ நான்.

அவர் இன்னும் ஏதோ சொன்னார், மெதுவாக.

"உங்கட ஊரிலயும் மேல இருந்து சுட்டவையோ எண்டு கேக்கிறார். மேல இருந்தெண்டா? என்ன அன்ரி சொல்றார்?"

"ஓம் எண்டு சொல்லு பிள்ளை."

தலையாட்டினார். போய்விட்டார். திங்கட்கிழமை கூட்டிப் போவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பெப். 12, ஞாயிறு

எதிர்க்கதவு திறக்கவே இல்லை. ஃபக்டரி யூனிஃபோம் அயர்ன் பண்ணி வைத்தேன். போவேனோ தெரியாது.

பெப். 13, திங்கள்

கதவைத் திறந்தேன். வெளியே தாத்தாவும் பேத்தியும் நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ. துளசியின் கையை அவரிடம் கொடுத்தேன்.

அவர்கள் பள்ளிக்கூடப் பக்கம், நான் பஸ் பக்கம். பின்னால் போகவில்லை. பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்தேன். முக்கில் அவர் நின்று திரும்பிப் பார்த்தார், பின்னால் யாரும் வருகிறார்களா என்று.